விழுந்து விழுந்து நிமிர்ந்த ராக்கெட்

2015-ம் ஆண்டு டிசம்பர் 21-ந் தேதி இரவு, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள கேப் கனாவெரல் ஏவுதளத்திலிருந்து ‘ஃபால்கன் 9’ என்ற ராக்கெட் புறப்பட்டது. 11 சிறிய செயற்கைக் கோள்களை அது சுமந்து சென்றது. அந்த ஊரில் ராக்கெட் கிளம்புவது அதிசயம் அல்ல. ஆனால் அன்றிரவு, கிளம்பிய சுமார் பத்து நிமிடங்களில், அந்த ராக்கெட்டின் கீழ் அடுக்கு வானத்திலிருந்து திரும்பி வந்தது. நெருப்பைக் கக்கியபடியே நான்கு கால்களை விரித்து, ஏவுதளத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் நட்டுவைத்த தூண்போல நின்றது. செயற்கைக் கோளைச் சுற்றுப்பாதைக்கு அனுப்பும் ராக்கெட் ஒன்றின் அடுக்கு இவ்வாறு நின்ற நிலையில் தரையிறங்கியது உலகிலேயே அதுதான் முதல் தடவை.

அந்தச் செய்தியைக் கேட்டு ஆரவாரம் செய்தவர்களில் ஒரு பிரிவினர் தனித்துக் குறிப்பிடத் தக்கவர்கள். அவர்கள் விஞ்ஞானிகள் அல்லர். ராக்கெட் தொழிற்சாலையில் சம்பளம் வாங்குகிறவர்களும் அல்லர். வீட்டு மேஜையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, கற்பனை ராக்கெட்டுகளைக் கட்டி ஏவி விளையாடும் ரசிகர்கள் அவர்கள். இந்த வித்தையைத் தாங்கள் வீட்டிலேயே எப்போதோ செய்து பார்த்தாயிற்று என்பது அவர்களிடையே அடிபட்ட கேலிப் பேச்சு.

அந்தக் கேலியில் ஓர் உண்மையும் இருந்தது; ஒரு மயக்கமும் இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்த்தால், திரும்பி வரும் ராக்கெட்டின் அருமை மட்டுமின்றி, இந்த விவகாரத்தில் இந்தியாவுக்கு உள்ள அக்கறையும் விளங்கும்.

ஒரு முறை மட்டும் ஓடும் ரயில்

மும்பையிலிருந்து சென்னைக்கு ஓடும் மெயில் வண்டியை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். வண்டி சென்னை போய்ச் சேர்ந்ததும் எஞ்சினையும் பெட்டிகளையும் வங்கக் கடலில் தள்ளிவிட்டு, மறுநாள் பயணத்துக்குப் புதிதாக எஞ்சினும் பெட்டிகளும் செய்வதென்று ரயில்வே நிர்வாகம் வைத்துக்கொண்டால் டிக்கெட் விலை என்ன ஆகும்? பொங்கலுக்கு ஊருக்குப் போய்வர எத்தனை தொழிலாளர்களால் முடியும்? 1957-ல் ஸ்புட்னிக் விண்ணில் ஏறிய நாளிலிருந்து ராக்கெட் போக்குவரத்து ஏறக்குறைய இப்படித்தான் நடந்து வந்திருக்கிறது.

ராக்கெட் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்பட்ட சில அடுக்குகளைக் கொண்டது. எல்லாவற்றுக்கும் கீழே இருக்கும் முதல் அடுக்கு பெரியது, விலையும் அதிகம். தரையை விட்டுக் கிளம்பும் கடினமான வேலை அதனுடையது. ஆனால் அது உழைப்பது இரண்டு, மூன்று நிமிடங்கள்தான். எரிபொருள் தீர்ந்ததும் கழன்று கடலில் விழுந்துவிடும். ஃபால்கன் 9 ராக்கெட்டின் முதல் அடுக்கில் ஒன்பது எஞ்சின்கள் இருக்கின்றன. ராக்கெட்டின் மொத்தச் செலவில் சுமார் 60 சதவிகிதம் இந்த ஓர் அடுக்குக்கே ஆகிறது என்று, அதைத் தயாரிக்கும் ‘ஸ்பேஸ்எக்ஸ்’ கம்பெனியின் தலைவர் ஈலான் மஸ்க் கணக்குச் சொல்லியிருக்கிறார். அதில் நிரப்பும் மண்ணெண்ணெய்க்கும் திரவ ஆக்சிஜனுக்கும் ஆகும் செலவு இதோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். எண்ணெய் எரிந்து போவதில் பெரிய நஷ்டம் இல்லை. விளக்கையே ஒவ்வொரு முறையும் கடலில் எறிவதுதான் நஷ்டம்.

திரும்பி வரும் விண்கலம் என்ற எண்ணம் புதியது அல்ல. 1981 முதல் 2011 வரை அமெரிக்க விண்வெளி ஓடங்கள் 135 முறை பறந்தன. இறக்கை முளைத்த அந்த ஓடம் விமானம்போல ஓடுபாதையில் இறங்கியது. பக்கவாட்டில் இருந்த இரு பெரிய வாணங்களும் பாரசூட் மூலம் கடலில் இறங்கி மீட்கப்பட்டன. ஆயினும் ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னரும் ஓடத்தைச் செப்பனிட ஆயிரக்கணக்கானோர் மாதக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்ததால், எதிர்பார்த்த மலிவு கிட்டவில்லை. 1986-லும் 2003-லும் நேர்ந்த இரு விபத்துகளில் 14 உயிர்கள் பலியாயின. திரும்பி வந்தால் மட்டும் போதாது. அதிகம் கைவைக்காமல் விரைவிலேயே மீண்டும் பறக்க வேண்டும் என்பது விண்வெளி ஓடம் விட்டுச் சென்ற பாடமாகும்.

இறங்குவதில் என்ன கஷ்டம்?

ஃபால்கன் 9-ன் முதல் அடுக்கு 40 மீட்டருக்கு மேல் உயரம் உள்ளது. ஒரு பதின்மூன்று மாடிக் கட்டிடம் என்று வைத்துக்கொள்ளலாம். தரையிலிருந்து எழுபது, எண்பது கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது அது மேல் அடுக்கிலிருந்து பிரிகிறது. பிரிந்ததும் வாயுவைப் பீய்ச்சித் தலைகீழாகத் திரும்புகிறது. மறுபடி எஞ்சினை மூட்டி வந்த வழியே திரும்புகிறது. காற்று மண்டலத்தின் அடர்ந்த பகுதிக்குள் நுழையும்போது உராய்வில் வெந்து போகாமலிருக்க இன்னொரு முறை எஞ்சினை மூட்டி வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. பிறகு தலைப்பகுதியில் உள்ள சல்லடை போன்ற நான்கு துடுப்புகள் அதைத் திசை திருப்புகின்றன. கடைசியாக ஒரே ஓர் எஞ்சின் எரிய, கால்கள் விரிய, தரை வந்து சேர்கிறது.

இதில் மிகக் கடினமான கட்டம் இறுதிக் கட்டம்தான். எரிபொருள் ஏறக்குறைய காலியாகிவிட்டதால் அடுக்கின் எடை வெகுவாகக் குறைந்திருக்கும். அந்த ஓர் எஞ்சினை எவ்வளவு தணித்து எரித்தாலும் அதன் உந்து சக்தி அடுக்கின் எடையைவிட அதிகம். ஆகவே ஹெலிகாப்டரைப் போல அந்தரத்தில் நின்று நிதானித்து இறங்க இயலாது. எஞ்சினை முன்கூட்டியே மூட்டினால் தரைக்கு மேலேயே நின்று மறுபடி மேலே கிளம்பிவிடும். சற்றுத் தாமதித்தால் தரையில் மோதிச் சிதறும். வேகம் பூஜ்யமாகும் கணமும், கால் தரையைத் தொடும் கணமும் ஒன்றாக இருக்க வேண்டும். விளையாட்டு ரசிகர்கள் இதற்கு வழங்கும் ஆங்கிலப் பெயரின் பொருள் ‘தற்கொலை எரிப்பு’ என்பதாகும். பெயரே கஷ்டத்தைச் சொல்லிவிடுகிறது.

மெக்சிகோவில் பிறந்த விளையாட்டு

இந்த ரசிகர்களை உருவாக்கிய விளையாட்டின் பெயர் ‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’. அதைத் தயாரித்தது அமெரிக்கக் கம்பெனி அல்ல. மெக்சிகோ நகரில் விளம்பர வேலைகள் செய்துவந்த ‘ஸ்குவாட்’ என்ற நிறுவனத்தில், ஃபெலிப்பே ஃபலாங்கே என்ற இளைஞரின் யோசனையில் பிறந்தது அது. 2011-ல் முதல் முறையாகப் பொதுமக்கள் கைக்கு வந்தது. 2015 ஏப்ரலில் முழு வடிவம் பெற்றது. ‘கெர்பல்’ என்பவை பச்சை நிறக் குட்டி மனிதர்கள். எஞ்சின், எண்ணெய்த் தொட்டி, கால், பாரசூட் ஆகியவற்றைப் பொறுக்கி எடுத்து ராக்கெட் கட்டி, அந்தக் குட்டி மனிதர்களை விண்ணுக்கு அனுப்ப வேண்டும் என்பதே ஆட்டம்.

பார்க்கச் சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றினாலும், ஈர்ப்பு விசை, எடை, எரிபொருள் ஆகியவற்றின் கணக்கு அதில் ஏறத்தாழ உண்மையை ஒட்டியே இருக்கிறது. தொட்டியைப் பெரிதாக்கினால் எடை கூடும். எடை கூடினால் இன்னும் பெரிய எஞ்சின் வேண்டும். முதல் பத்து ராக்கெட்டுகள் வெடிக்காமல் போனால்தான் ஆச்சரியம். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாஸாவே 2014-ல் இந்த நிறுவனத்துடன் சேர்ந்து, சிறுகோளைப் பிடிக்கும் பயணம் ஒன்றை ஆட்டத்தில் சேர்க்க உதவியது என்பது குறிப்பிடத் தக்கது.

இதனால் ஒரு நன்மை விளைந்தது. பொதுமக்கள் குழம்பிய சில விஷயங்கள் இந்த ரசிகர்களுக்குச் சுலபமாகப் புரிந்தன. உதாரணமாக, 2015 நவம்பர் 23-ந் தேதியே, அமேஸான் கம்பெனி அதிபர் ஜெஃப் பெஸோஸுக்குச் சொந்தமான ‘புளூ ஆரிஜின்’ நிறுவனம், ‘நியூ ஷெப்பர்ட்’ என்ற ராக்கெட்டை 100 கிலோமீட்டரைச் சற்றே தாண்டிய உயரத்துக்கு அனுப்பி, டெக்ஸாஸ் மாநிலத்தில் நின்ற நிலையில் இறக்கிக் காட்டியிருந்தது. அப்படியானால் டிசம்பர் சாதனையில் புதுமை என்ன என்று பலர் கேட்டார்கள். ரசிகர்களுக்கு இந்தச் சந்தேகம் எழவில்லை. நேராக மேலே போய் நேராகக் கீழே வருவது ஒன்று. சுற்றுப்பாதைக்கான பக்கவாட்டு வேகத்தைக் கொடுத்துவிட்டு, அந்த வேகத்தை அடக்கித் திரும்புவது வேறொன்று. முதலாவதை ஆட்டத்தில் ஒரே மாலையில் செய்துவிடலாம். இரண்டாவது பல நாள் தூக்கத்தைக் கெடுக்கும்.

கணக்கு வழக்கையும் அவர்கள் ஆட்டத்தில் கற்றிருந்தார்கள். திருப்பிக் கொண்டுவந்த உறுப்புகளின் விலை ஆட்டக்காரரின் கணக்கில் மீண்டும் வரவு வைக்கப்படும். ஏவுதளத்துக்கு எவ்வளவு அருகில் இறங்குகிறதோ அவ்வளவுக்கு வரவு அதிகம். காலி சோடா பாட்டிலை வாங்கிய கடையிலேயே கொடுத்தால்தான் முன்பணம் கிடைக்கும் என்பதைப் போன்றது இது. ஆனால் ஏவுதளம் வரை திரும்ப எரிபொருள் மிச்சம் வைக்க வேண்டும். மிச்சம் வைத்தால் மேலே கொண்டுபோகும் சுமை குறையும். உண்மையான ராக்கெட்டிலும் இதே இழுபறிதான். பூமியிலிருந்து வெகுதூரம் செல்லும் தகவல் தொடர்புக் கோள்களுக்கான பாதையில், திரும்பி வராத ஃபால்கன் 9 சுமார் 8.3 டன் கொண்டுபோகும். திரும்பி வந்து கடலில் மிதக்கும் மேடையில் இறங்க வேண்டுமானால் 5.5 டன்தான்.

ஆட்டத்தின் ஒரு விதி மிகவும் சுவையானது. ஆட்டக்காரர் மேல் அடுக்கை ஓட்டிக்கொண்டிருக்கும்போது, கழன்று விழுந்த கீழ் அடுக்கு தொலைவுக்குப் போனதும், ஆட்டம் அதைத் தானாகவே அழித்துவிடும். விழுந்தது குப்பை, யார் அதைத் தேடப் போகிறார்கள் என்ற பழைய காலத்து எண்ணமே அந்த விதியில் இருந்தது. கம்ப்யூட்டரின் சக்தியை மிச்சப்படுத்தவும் அது தேவைப்பட்டது. ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. மேல் அடுக்கைச் சுற்றுப்பாதையில் சேர்த்துவிட்டு, காலத்தைப் பின்னோக்கித் திருப்பி, கீழ் அடுக்கையும் ஓட்டி இறக்குவதற்கான துணைக் கருவியைத் தாங்களே எழுதிச் சேர்த்துக்கொண்டார்கள். மனிதக் கை படாமல் ராக்கெட் தானே இறங்குவதற்கான கட்டளைகளை எழுதிப் பார்த்தவர்களும் உண்டு.

மயக்கம் எங்கே?

ஆனால் ஆட்டத்தின் உலகம் குட்டி உலகம். அதிலுள்ள தாய்க் கிரகத்தின் ஆரம் 600 கிலோமீட்டர். பூமியின் ஆரமோ சுமார் 6,370 கிலோமீட்டர். அங்கே சுற்றுப்பாதையில் நிற்க விநாடிக்கு இரண்டேகால் கிலோமீட்டர் வேகம் போதும். இங்கே ஏறக்குறைய 7.8 கிலோமீட்டர் வேண்டும். அங்கே எளிதில் பாரசூட் கட்டி இறக்கும் அடுக்கு, இங்கே காற்று மண்டலத்திலேயே சிதறிவிடும். இது வெறும் ஊகம் அல்ல. 2010-ல் ஃபால்கன் 9-ன் முதல் இரு பயணங்களில் பாரசூட் முறையைத்தான் ஸ்பேஸ்எக்ஸ் நம்பியது. பாரசூட் விரியுமுன்பே அடுக்குகள் உடைந்து போயின. அதன் பிறகே எஞ்சினை மூட்டி இறங்கும் வழிக்கு அந்தக் கம்பெனி திரும்பியது.

இன்னொரு வேற்றுமை இதைவிடப் பெரியது. ஆட்டத்தில் ஒரு பொத்தானை அழுத்திப் பயணத்தைச் சேமித்து வைக்கலாம். ராக்கெட் விழுந்தால் மற்றொரு பொத்தானை அழுத்தி, விழுவதற்கு முந்திய நிமிடத்துக்கே போய்விடலாம். கேப் கனாவெரலில் அந்தப் பொத்தான் இல்லை.

விழுந்தவை சொன்ன பாடம்

அந்தப் பொத்தான் இல்லாதவர்கள் எப்படி விழுந்தார்கள் என்பதைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். 2015 ஜனவரியில் அட்லாண்டிக் கடலில் மிதந்த மேடைக்கு வந்த அடுக்கு, துடுப்புகளை இயக்கும் திரவம் கடைசி நேரத்தில் தீர்ந்துபோனதால் சாய்ந்தபடியே மோதி வெடித்தது. ஏப்ரலில் வந்தது மேடையைத் தொட்டும்விட்டது. ஆனால் எஞ்சினின் விசையைக் கட்டுப்படுத்தும் வால்வு ஒட்டிக்கொண்டு தாமதமாக இயங்கியதால் சரிந்து விழுந்தது. ஜூன் 28-ந் தேதி கிளம்பிய ராக்கெட் மேலே போகும்போதே சிதறியது. ஹீலியம் கலத்தைத் தாங்கிய ஓர் உலோகக் கம்பி முறிந்ததே காரணம் என்று கம்பெனி கூறியது. டிசம்பர் வெற்றிக்குப் பிறகும் கதை முடியவில்லை. 2016 ஜனவரியில் மேடையில் அழகாக இறங்கிய அடுக்கின் ஒரு கால் சரியாகப் பூட்டிக்கொள்ளாததால், நின்ற பிறகு சாய்ந்து தீப்பற்றியது.

ஒரு முறை திரவம்; ஒரு முறை வால்வு; ஒரு முறை கம்பி; ஒரு முறை கால் பூட்டு. ஒவ்வொரு தடவையும் வேறொரு காரணம். ஒரே தவறு இரண்டாம் முறை நேரவில்லை என்பதே இங்கு முக்கியம். ரசிகர்களின் கருத்தும் இங்கேதான் பொதுமக்கள் கருத்திலிருந்து பிரிந்தது. வெடித்ததைக் கண்டு மற்றவர்கள் சிரித்தபோது, தூண் எவ்வளவு அருகில் வந்துவிட்டது என்று அவர்கள் அளந்து பார்த்தார்கள். மேஜையில் ஆயிரம் ராக்கெட்டுகளை வெடித்துப் பார்த்தவர்களுக்கு இது நியாயமாகத் தோன்றியது. 2017 செப்டம்பரில், ராக்கெட்டை எப்படி இறக்கக் கூடாது என்ற பொருள்படும் தலைப்பில், தான் வெடித்த காட்சிகளையெல்லாம் தொகுத்து வேடிக்கை இசையுடன் ஸ்பேஸ்எக்ஸ் வெளியிட்டது. அவமானத்தை மறைக்காமல் ஊருக்குக் காட்டிய அந்தப் படத்தை ரசிகர்கள் கொண்டாடினார்கள்.

2016 ஏப்ரல் 8-ந் தேதி கடல் மேடையில் ஓர் அடுக்கு முதன் முதலாக நின்றது. அதே அடுக்கு 2017 மார்ச் 30-ந் தேதி மீண்டும் பறந்தது. 2025 ஆகஸ்டில் ஒரே அடுக்கு 30-வது முறையாகப் பறந்து திரும்பியிருக்கிறது. 2024 அக்டோபர் 13-ந் தேதி, இதைவிடப் பெரிய ‘ஸ்டார்ஷிப்’ ராக்கெட்டின் அடிப்பகுதியை, டெக்ஸாஸ் ஏவுதளக் கோபுரத்தின் இரும்புக் கைகளே அந்தரத்தில் பிடித்துக்கொண்டன. புளூ ஆரிஜின் நிறுவனமும் 2025 நவம்பரில் தனது ‘நியூ கிளென்’ ராக்கெட்டின் முதல் அடுக்கைக் கடலில் இறக்கிவிட்டது. 2025 டிசம்பரில் சீனாவின் ‘ஜூச்சுவே 3’ சுற்றுப்பாதையை அடைந்தது. ஆனால் அதன் கீழ் அடுக்கு இறங்கும் முயற்சியில் எரிந்து விழுந்தது. மற்றவர்களும் அதே பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டார்கள் என்பதையே இது காட்டுகிறது.

யார் பணத்தில் விழுந்தது?

இத்தனை முறை விழ ஒரு கம்பெனிக்கு எப்படிக் கட்டுபடியாயிற்று என்ற கேள்வி எழுவது இயல்பு.

1993 ஆகஸ்டிலேயே நியூ மெக்சிகோ பாலைவனத்தில், ‘டி.சி.-எக்ஸ்’ என்ற 12 மீட்டர் உயர ராக்கெட் நின்றபடியே எழும்பி நின்றபடியே இறங்கிக் காட்டியது. அமெரிக்க அரசின் பணத்தில் மக்டானல் டக்ளஸ் கம்பெனி கட்டியது அது. பின்னர் அது நாஸாவிடம் வந்தது. 1996 ஜூலை 31-ந் தேதி இறங்கும்போது ஒரு கால் விரியவில்லை. ராக்கெட் சாய்ந்து எரிந்தது. மாற்று ராக்கெட் கட்டப் பணம் ஒதுக்கப்படவில்லை. ஒரு கால் விரியாததால் ஒரு திட்டமே படுத்துவிட்டது.

ஸ்பேஸ்எக்ஸ் செய்த தந்திரம் வேறு. செயற்கைக் கோளை ஏற்றி அனுப்பும் ராக்கெட்டுக்கு வாடிக்கையாளர் முழு விலையும் கொடுத்துவிட்டார். மேல் அடுக்கு பிரிந்ததுமே அவருடைய வேலை முடிந்தது. கீழ் அடுக்கு கடலில் விழ வேண்டிய குப்பை. அந்தக் குப்பையை வைத்துத்தான் சோதனைகள் நடந்தன. இறங்கினால் லாபம், விழுந்தால் எப்படியும் விழ வேண்டியதுதானே! அந்த வாடிக்கையாளர்களில் முக்கியமானது நாஸாவே. 2008 டிசம்பரில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு கொண்டுபோக 160 கோடி டாலர் ஒப்பந்தத்தை இந்தக் கம்பெனிக்கு நாஸா அளித்தது. தனியார் சாமர்த்தியம் என்று புகழும்போது, அதற்கு அஸ்திவாரமாக இருந்த அரசாங்கப் பணத்தையும் சேர்த்தே சொல்வதுதான் நியாயம்.

மலிவு யாருக்கு?

அடுத்து, ராக்கெட் திரும்பி வந்ததால் கட்டணம் இறங்கிவிட்டதா? ஸ்பேஸ்எக்ஸ் வெளியிட்ட விலைப் பட்டியலில் ஃபால்கன் 9 பயணத்துக்கு 2016-ல் 6.2 கோடி டாலர் என்று இருந்தது. 2022-ல் அது 6.7 கோடி டாலராக ஏறியது. போட்டி ராக்கெட்டுகளின் விலை இதைவிட அதிகமாக இருந்தவரையில், விலையைக் குறைக்க வேண்டிய கட்டாயம் அந்தக் கம்பெனிக்கு இருக்கவில்லை.

மிச்சம் பிடித்த பணமும் ராக்கெட்டுகளும் வேறு வேலைக்குப் பயன்பட்டன. 2024-ல் ஃபால்கன் ராக்கெட்டுகள் 130 முறைக்கு மேல் பறந்தன. அவற்றில் பெரும் பகுதி, அதே கம்பெனியின் ‘ஸ்டார்லிங்க்’ இண்டர்நெட் கோள்களைச் சுமந்து சென்றவை. பஸ்ஸும் அவர்களுடையது, பஸ்ஸில் ஏறும் சரக்கும் அவர்களுடையது என்ற நிலை. போக்குவரத்துச் சாதனம் ஒருவர் கையில் மட்டும் இருந்தால் என்ன நேரும் என்பதை, ஒரே பஸ் கம்பெனி ஓடும் ஊரில் வாழ்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்தியா எங்கே நிற்கிறது?

இந்திய நேரப்படி 2024 நவம்பர் 19-ந் தேதி, ‘ஜிசாட்-என் 2’ என்ற இந்தியச் செயற்கைக் கோள் விண்ணில் ஏறியது. அந்தமான், லட்சத்தீவு, வடகிழக்கு மாநிலங்கள் போன்ற தொலைதூரப் பகுதிகளுக்கும் பறக்கும் விமானங்களுக்கும் இண்டர்நெட் வசதி தருவது அதன் வேலை. எடை 4,700 கிலோ. இந்தியாவின் பெரிய ராக்கெட்டான ‘எல்.வி.எம்.3’ அத்தகைய பாதைக்குச் சுமார் நான்கு டன்தான் கொண்டுபோகும். எனவே அந்தக் கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பவில்லை. கேப் கனாவெரலிலிருந்து, ஏற்கெனவே பலமுறை பறந்து திரும்பிய ஃபால்கன் 9 ராக்கெட்டில் ஏறியது. திரும்பி வரும் ராக்கெட் என்பது அமெரிக்கர்களின் வேடிக்கை என்று ஒதுக்க இயலாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டுவதில்லை.

இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் இதை உணர்ந்தே இருக்கிறது. இறக்கையுள்ள ‘புஷ்பக்’ கலம், ராணுவ ஹெலிகாப்டரிலிருந்து சுமார் நாலரை கிலோமீட்டர் உயரத்தில் விடுவிக்கப்பட்டு, கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தில் சள்ளகெரெ அருகேயுள்ள ஓடுபாதையில் தானாகவே இறங்கியது. 2023 ஏப்ரல், 2024 மார்ச், 2024 ஜூன் ஆகிய மூன்று முறையும் வெற்றி கிட்டியது. இது விமானம்போலக் கிடைமட்டமாக இறங்கும் வழி.

நின்றபடி இறங்கும் வழிக்கும் அடித்தளம் போடப்படுகிறது. 30 டன் வரை தாழ்ந்த சுற்றுப்பாதைக்குக் கொண்டுபோகும் அடுத்த தலைமுறை ராக்கெட்டுக்கு, 2024 செப்டம்பர் 18-ந் தேதி மத்திய மந்திரிசபை 8,240 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் அளித்தது. அதன் முதல் அடுக்கு மீண்டும் பயன்படுத்தத் தக்கதாக இருக்கும். எட்டு ஆண்டுகளில் முடிப்பது திட்டம். இறங்கும் ராக்கெட்டுக்கு, அணைத்த எஞ்சினை மீண்டும் மூட்டும் திறமை இன்றியமையாதது. 2025 ஜனவரி 17-ந் தேதி, திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் ‘விகாஸ்’ எஞ்சினை அணைத்து மறுபடி மூட்டும் சோதனை வெற்றிகரமாக நடந்தது.

எஞ்சினை எரித்து நின்றபடி இறங்குவதும் இந்தியாவுக்கு முற்றிலும் புதிது அல்ல. 2019 செப்டம்பர் 7-ந் தேதி சந்திரயான்-2 திட்டத்தின் ‘விக்ரம்’ கலம் நிலவில் மோதி விழுந்தது. எங்கே பிசகியது என்று ஆராய்ந்து, எஞ்சின், கால், கம்ப்யூட்டர் கட்டளைகள் எல்லாவற்றையும் திருத்தினார்கள். விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23-ந் தேதி நிலவில் நான்கு கால்களில் நின்றது. காற்றில்லாத, ஈர்ப்பு குறைந்த நிலவில் இறங்குவதும், பூமியின் காற்றில் பதின்மூன்று மாடி உயரத் தூணை இறக்குவதும் ஒன்றல்ல. ஆனால் விழுந்ததிலிருந்து எழும் முறை ஒன்றுதான்.

எப்படிக் கேட்பது?

திரும்பி வரும் இந்திய ராக்கெட் முதல் முயற்சியிலேயே நிமிர்ந்து நிற்கும் என்று எதிர்பார்ப்பது பேராசை. ஒன்றோ இரண்டோ கடலில் விழும். ஒன்று மேடையைத் தொட்டுவிட்டுச் சாயலாம். அன்று என்ன நடக்கும் என்பதே கேள்வி. பணம் மக்களுடையது. விலைவாசி ஏறி, வாடகை கொடுக்கவே திண்டாடும் குடும்பங்களும் செலுத்தும் வரியிலிருந்து வந்தது. ஆகவே கேள்வி கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு.

ஆனால் கேள்வியை எப்படிக் கேட்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ‘விழுந்துவிட்டதே, இது தேவையா?’ என்று கேட்டால், டி.சி.-எக்ஸ் ராக்கெட்டுக்கு நேர்ந்த கதிதான் நேரும். ‘ஏன் விழுந்தது? போன தடவை விழுந்த காரணத்தாலேயே விழுந்ததா, புதிய காரணமா?’ என்று கேட்டால் வேலை செய்கிறவர்களுக்கும் பொறுப்பு கூடும். பணத்துக்கும் கணக்கு கிடைக்கும். இப்படிக் கேட்க வேண்டுமானால், விழுந்த காரணத்தை அரசும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் இதற்கு முன்மாதிரி உண்டு. 1979 ஆகஸ்ட் 10-ந் தேதி, அப்துல் கலாம் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. அப்போதைய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத் தலைவர் சதீஷ் தவான் தாமே பத்திரிகையாளர்கள் முன் வந்து பொறுப்பேற்றுக்கொண்டார். திட்டம் கைவிடப்படவில்லை. 1980 ஜூலை 18-ந் தேதி அதே ராக்கெட் ‘ரோகிணி’ கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அன்று ஒரு விபத்தைப் பொறுத்துக்கொண்டதன் பலனைத்தான் இன்றைய வானிலை எச்சரிக்கையிலும் டெலிவிஷன் ஒளிபரப்பிலும் நாடு அனுபவித்துக்கொண்டிருக்கிறது.

மெக்சிகோவில் பிறந்த ஒரு விளையாட்டு, ராக்கெட் வெடிக்கும்போது சிரித்துவிட்டு, அடுத்த கணமே ஏன் வெடித்தது என்று யோசிக்கும் பழக்கத்தை லட்சக்கணக்கானோருக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறது. பச்சைக் குட்டி மனிதர்களை ஆயிரம் முறை விழ விட்டு அவர்கள் கற்ற அந்தப் பொறுமை, 8,240 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருக்கும் நாட்டின் குடிமக்களுக்கும் தேவைப்படும்.